கை தறிமேல

அந்தத் தறிக்கூடத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. யாருக்காவது கோபம் தலைக்கேறிக் கத்த ஆரம்பித்தால், மற்றவர்கள் தறியை நிறுத்திவிட்டு, நெய்துகொண்டிருக்கிற துணியின்மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எழுந்திருக்கக் கூடாது. கத்துகிறவரைப் பார்க்கக் கூடாது. தொடவே கூடாது. செந்தாமரை "கை தறிமேல" என்று ஒரு தரம் சொன்னால் போதும், பதினோரு தறியும் கப்சிப். எல்லாம் அடங்கின பிறகு "சரி, ஓட்டுங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் கையை எடுக்கலாம்.

சட்டம் போட்டவள் அவள்தான். பிள்ளைப்பாக்கத்துக்கு வெளியே, ஒரு கம்பெனியின் பின்பக்கச் சுவரை ஒட்டி இருந்த அந்த இல்லத்தில், மனநோயிலிருந்து தேறி வருகிறவர்களுக்குத் தறி சொல்லிக்கொடுக்கிறவள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் வேறு ஓர் ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடந்தவள். ஒரு நாள் அவள் கத்தினதற்கு நாலு பேர் மேலே ஏறி அமுக்கினதில் தோள்பட்டை இறங்கிவிட்டது. இன்றைக்கும் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. "கத்துறவன் கத்தி முடிச்சிட்டுக் குந்திப்பான். மேல வுழுந்து அமுக்கினாத்தான் கடிப்பான்" என்பாள். வெறும் பேச்சில்லை. சட்டம் வருவதற்கு முன்னால் அந்தக் கூடத்தில் ரத்தம் பார்க்காத வாரம் கிடையாது. ஒருத்தன் இன்னொருத்தன் காது மடலைக் கடித்துத் துப்பியிருக்கிறான். ஊடு நூலைக் கொண்டுபோகிற, இரண்டு பக்கமும் இரும்பு மூக்கு வைத்த நாடாக்கட்டை ஒன்று குறுக்கே பறந்து வந்து ஒரு அம்மாளின் கன்னத்தைக் கிழித்திருக்கிறது. சட்டம் வந்த ஒன்றரை வருஷத்தில் அப்படி ஒன்றுமே நடக்கவில்லை. ஊர் பைத்தியம் என்று பேர் வைத்த பதினோரு பேரும் அந்தச் சட்டத்தைக் கடவுள் வாக்காக மதித்தார்கள். தெளிவாக இருக்கிறவர்கள் நாலு பேரைச் சேர்த்து வரிசையில் நிற்க வைத்துப் பாருங்களேன், தெரியும்.

பேச்சிராஜ் மூன்றாவது தறி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், முப்பத்து நாலு வயது. ஒரகடத்தில் கார் கதவு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் பத்து வருஷம் நின்றவன். இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்த ஒரு மழைக்காலத்தில் மிஷின் அவனிடம் பேச ஆரம்பித்தது. முதலில் பேர் சொல்லிக் கூப்பிட்டது. பிறகு கெட்ட வார்த்தை சொன்னது. பிறகு அவன் பெண்டாட்டியைப் பற்றிச் சொன்னது. ஒரு சாயங்காலம் சிங்கப்பெருமாள் கோவில் வாடகை வீட்டில், நாலு வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அடுப்பிலிருந்த குக்கரைத் தூக்கி அடித்து மனைவி சுகப்பிரியாவின் இடது கையை உடைத்துவிட்டான். முழங்கைக்குக் கீழே தகடு வைத்துத் தைத்தார்கள். அவனை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இந்த இரண்டு வருஷமாக அவன் எல்லோரிடமும் சொன்னது ஒன்றுதான். அது நான் இல்லை, நோய். டாக்டர் சசிரேகாவிடம் சொன்னான், செந்தாமரையிடம் சொன்னான், கண்ணாடியைப் பார்த்தும் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். அது பொய்யும் இல்லை.

தறிக்கு வந்த புதிதில், நூலை நெருக்கி அடிக்கிற அச்சுப் பலகையை அவன் இழுத்து அடித்த அடியில் துணி மரப்பலகை மாதிரி விறைத்துப் போகும். செந்தாமரை துணியைப் பிரித்து விரலால் தடவிப் பார்ப்பாள். "இது செவ்வாய்க்கிழமை நெய்ஞ்சது. அன்னிக்கு இன்னா கோவம் உனுக்கு?" என்று கேட்பாள். அவள் சொன்ன நாள் தவறாமல் சரியாக இருக்கும். மாத்திரை ஒரு பக்கம் வேலை செய்தது, தறி ஒரு பக்கம். பிரஸ் ஷாப்பில் மிஷின் அடிக்கிற வேகத்துக்கு அவன் ஓட வேண்டும். இங்கே அவன் கால் மிதித்தால்தான் தறி ஓடும், எடுத்தால் நிற்கும். எட்டு மாதமாகக் குரல் எதுவும் வரவில்லை. துணியும் தலை முதல் கடைசி வரை ஒரே சீராக வந்தது.

அன்றைக்கு மூன்று மணிக்கு டாக்டர் அறையில் அவனுக்கு ரிவ்யூ. சுகப்பிரியா வந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். முன்பு இரண்டு தடவை வந்து, தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, போடாமலே போயிருந்தாள். இந்தத் தடவை போடுவதாக போனில் சொல்லியிருந்தாள். காலையில் எழுந்ததிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளைக்கு இப்போது ஆறு வயது. அப்பா என்று வருமா, ஓடி ஒளியுமா?

பத்தரை மணிக்குக் கண்ணப்பன் வந்தான்.

அடுத்த தறியில் நெய்துகொண்டிருந்த கலைமதியின் அண்ணன். தண்டலத்துக்காரன். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு போன். சொந்தக்காரர் என்று வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். கண்ணப்பன் செருப்போடு கூடத்துக்குள் வந்து தங்கச்சிக்கு எதிரே நின்றான்.

"எய்ந்து வா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எல்லாரும் குந்திக்கினு கீறாங்க. ஒரு கையெய்த்து. போட்டுட்டுத் திரும்ப வந்து நெய்ஞ்சிக்கோ."

கலைமதி தலையைத் தூக்கவில்லை. "அது அப்பா நெலம். நான் போட மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"இன்னாடி சொன்ன?"

"போட மாட்டேன்."

அவன் குரல் ஏறியது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பாவின்மேல் ஓங்கி ஒரு குத்து விட்டான். முப்பது நாற்பது இழை படபடவென்று அறுந்தது. கூடத்தின் கோடியில் இருந்த செந்தாமரை திரும்பிப் பார்த்தாள். ஒன்றரை வருஷத்துப் பழக்கம், யோசிக்க நேரமே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கை தறிமேல!"

பதினோரு தறியும் நின்றது. இருபத்திரண்டு கை துணிமேல் விரிந்தது. நோய்க்காரனுக்குப் போட்ட சட்டத்தைத் தெளிவானவனுக்குப் போட்டுவிட்டாள் செந்தாமரை. அந்த வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் தான் செய்த தப்பு அவளுக்கு உறைத்தது. ஓடி வந்து குறுக்கே நின்றாள்.

"அண்ணே, இங்க இந்த மாதிரிலாம் பேசக் கூடாது. வெளில வாங்க, டாக்டராண்ட பேசிக்கலாம்."

"நீ யாரு நடுவுல?" என்று அவள் மார்பில் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினான் கண்ணப்பன். அவளுக்கு ஒரு கைதானே தூக்க வரும். பிடிக்க ஒன்றும் அகப்படாமல் பின்னால் சாய்ந்து, தறிக்காலின் விளிம்பில் மண்டை மோதி விழுந்தாள். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவள் அசையவில்லை. தலைமுடிக்குள்ளிருந்து ரத்தம் புறப்பட்டுச் சிமெண்டுத் தரையில் ஓடியது.

இனி "ஓட்டுங்க" என்று சொல்ல அந்தக் கூடத்தில் ஆள் இல்லை.

கண்ணப்பன் தங்கச்சியின் பின்னலைப் பிடித்துத் தூக்கினான். குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரை அப்படித் தூக்க முடியாது. கால் இரண்டும் குழிக்குள்ளே மிதிகட்டையின் கயிற்றுக்கு நடுவில் இருக்கும். மெல்ல ஒவ்வொன்றாக எடுத்துத்தான் எழுந்திருக்க வேண்டும். அவன் இழுத்தான். அவள் கால் கயிற்றில் மாட்டிக்கொண்டது. "காலு, காலு" என்று அலறினாள். அவன் இன்னும் ஓங்கி இழுத்தான். கணுக்கால் திருகிக்கொண்டு போனது பேச்சிராஜின் காதுக்குக் கேட்டது. அவள் தறிச் சட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிடித்த விரல்களைச் செருப்புக் காலால் மிதித்தான். ஒரு மிதி, இன்னொரு மிதி. வாயைப் பொத்தி ஒரு அறை, அதில் உதடு கிழிந்து பாவெல்லாம் ரத்தம் தெறித்தது.

"பைத்தியம் புடிச்ச உனுக்கு நெலம் ஒரு கேடா? உன்னால ஊர்ல தல காட்ட முடியல எனுக்கு!"

பேச்சிராஜ் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்தால் எல்லாம் போச்சு. மூன்று மணிக்குப் பிரியா வருவாள். ஒரு கை ஓங்கினாலும் தாளில் எழுதுவார்கள், திரும்ப அடைப்பு வார்டு, இன்னொரு வருஷம், பிள்ளைக்கு ஏழு வயது. ஏழு தறி தள்ளி ஒரு பெரியவர் வாய்விட்டு அழுதுகொண்டே கையை மட்டும் எடுக்காமல் இருந்தார். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்தாள். எழுந்திருக்கக் கூடாது, பார்க்கக் கூடாது, தொடக் கூடாது.

கண்ணப்பன் மூச்சு வாங்க நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான். இத்தனை பேரும் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பதைக் கண்டு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாரு, பாரு, எப்டி குந்திக்கினு கீதுங்க! சரியான மெண்டலுங்க!"

சிரித்துக்கொண்டே தங்கச்சியின் தலையைத் தறிச் சட்டத்தில் ஒரு தரம் மோதினான்.

பேச்சிராஜ் கையை எடுத்தான்.

நெய்த துணி சுற்றுகிற படமரத்தை இறுக்க ஒவ்வொரு தறியிலும் ஒரு இரும்புக் கம்பி செருகியிருக்கும். அதை உருவினான். குழியிலிருந்து காலை ஒவ்வொன்றாக எடுத்தான். அவசரப்படவே இல்லை. நாலு எட்டு நடந்து போய், பின்னலைப் பிடித்திருந்த கண்ணப்பனின் மணிக்கட்டில் ஓங்கி ஒரு போடு போட்டான். எலும்பு முறிந்தது. பின்னல் விடுபட்டது. கண்ணப்பன் "யோவ்" என்று திரும்புவதற்குள் முழங்காலில் இரண்டாவது. சரிந்து விழுந்தான். கண்ணில் ஒரு பயம் வந்தது அப்போதுதான். முறிந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செந்தாமரையின் ரத்தத்தில் வழுக்கிக்கொண்டே வாசலைப் பார்த்து ஊர்ந்தான்.

"வேணாம்ண்ணா... போய்டறேன்... வேணாம்ண்ணா..."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆள் விழுந்தாகிவிட்டது, பெண் தப்பித்தாகிவிட்டது, மூன்றாவது அடிக்கு வேலையே இல்லை. பேச்சிராஜ் அவனுக்கு முன்னால் போய் நின்று, அவன் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, முகத்திலேயே அடித்தான். தாடை பெயர்ந்து பல் சிதறியது. அந்த அடி அவனுக்குப் பிடித்திருந்தது. அதைத்தான் பின்னால் அவனால் யாரிடமும் மறைக்க முடியவில்லை.

அப்புறம் கம்பியைத் துளையில் செருகிவிட்டு, குழிக்குள் காலைவிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் துணிமேல் விரித்து வைத்துக்கொண்டான். போலீஸ் வந்து பார்க்கும்போது அவன் அப்படித்தான் இருந்தான்.

மூன்று மணிக்கு டாக்டர் அறையில் நாற்காலி போதவில்லை. டாக்டர் சசிரேகா மேஜைக்குப் பின்னால். சப்-இன்ஸ்பெக்டர் ஜன்னலோரம். தலையில் ஏழு தையலும் கட்டுமாகச் செந்தாமரை, படுக்கச் சொன்னால் கேட்காமல் வந்து சுவரில் சாய்ந்திருந்தாள். கம்பெனி யூனிபார்மோடு நேரே ஷிப்டிலிருந்து வந்த சுகப்பிரியா, மேஜையின் ஓரத்தில் கையெழுத்துத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சிராஜ் மட்டும் நின்றான்.

கண்ணப்பன் ஆஸ்பத்திரியில் இருந்தான். புகாரை வாயால் சொல்ல முடியாததால் அவன் ஆட்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கலைமதியின் புகார் என்னவாயிற்று என்று செந்தாமரை கேட்டாள்.

"எடுத்தேம்மா. எங்கண்ணன்தான் அடிச்சான்னு சொல்லுது. ஆனா அது இங்க ட்ரீட்மெண்ட்ல இருக்கிற பொண்ணு. அது பேச்சு எந்த அளவுக்கு நிக்கும்னு தெரியல" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

எவ்வளவு நியாயம் பாருங்கள். பத்தரை மணிக்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தெளிவாக இருந்தவள், பதினோரு மணிக்குத் தன்னை அடித்தவன் பேரைச் சொல்லத் தெளிவில்லாதவளாகிவிட்டாள்.

"இவர் விஷயம் வேற" என்று அவர் பேச்சிராஜைக் காட்டினார். "நோய் வேகத்துல, தன்னை மறந்து செஞ்சதுன்னு டாக்டர் எழுதிட்டா கேஸ் பெருசா நிக்காது. இங்கேயே வச்சு வைத்தியம் பார்த்துக்கலாம். தெரிஞ்சு செஞ்சதுன்னா நான் கூட்டிட்டுப் போயாகணும். கொடுங்காயம். ஜாமீன் சுலபத்துல கிடைக்காது."

செந்தாமரை சுவரை விட்டு நகர்ந்து வந்து அவன் காதோரம் சொன்னாள். "குரல் கேட்டுச்சின்னு சொல்லிடு பேச்சி. ஒரே வார்த்த. நான் போட்ட சட்டத்தாலதான் இவ்ளோவும். ஆறு மாசம் வார்டுல இருந்துட்டு வந்துடலாம். ஜெயிலுக்குப் போனா செத்துடுவடா."

டாக்டர் சசிரேகா பேனாவை எடுத்தார். "பேச்சிராஜ், அடிக்கிறப்போ யாராவது உங்ககிட்ட பேசினாங்களா? அடின்னு சொன்னாங்களா?"

சுகப்பிரியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோய் என்று சொன்னால் அவள் இன்றைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த ரிவ்யூவுக்கு வருவாள். அது அவனுக்குத் தெரியும். அந்த வார்த்தை இரண்டு வருஷமாக வாயிலேயே ஊறிக் கிடப்பது, சொல்ல ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் எட்டு மாதமாக அவன் மண்டைக்குள் யாரும் இல்லை. அந்த அமைதிக்கு அவன் எவ்வளவு பாடுபட்டிருந்தான். இப்போது ஒரு பொய்க்காக மிஷினை மறுபடி உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"குரல் எதும் கேக்கல டாக்டர். நான்தான் அடிச்சேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுதான் சொல்லுதேன். முதல் அடி அந்தப் புள்ளய விடணும்னு அடிச்சேன். ரெண்டாவது அவன் திரும்ப வந்துரக் கூடாதுன்னு. மூணாவதுக்குக் காரணம் கிடையாது. அவன் கும்பிட்டான். எனக்கு நிறுத்த மனசு வரல. முழுசாத் தெரிஞ்சுதான் அடிச்சேன்."

செந்தாமரை தலையில் அடித்துக்கொண்டாள். சப்-இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்து எழுத ஆரம்பித்தார். அப்போதுதான் சுகப்பிரியா வாயைத் திறந்தாள்.

"அன்னைக்கு?"

யாருக்கும் புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது.

"அன்னைக்கு என்னைய அடிச்சது யாரு? நோயா, நீங்களா? இன்னைக்கு இவ்வளவு சுத்தமாச் சொல்லுதியள்லா. அதையும் சொல்லிருங்க."

"பிரியா, இது அதுக்கான நேரம் இல்ல" என்றார் டாக்டர்.

"இருக்கட்டும் டாக்டர். அவுக சொல்லட்டும்."

பேச்சிராஜ் தலை குனிந்து தரையைப் பார்த்தே பேசினான்.

"குரல் கேட்டுச்சு. பொய் இல்ல. குக்கரைத் தூக்குன்னு அதுதான் சொல்லிச்சு. முதல் அடி அது சொல்லித்தான் அடிச்சேன். நீ கீழ விழுந்த. பாப்பா வீல்னு கத்துச்சு. அந்தச் சத்தத்துல குரல் நின்னு போச்சு."

"நின்னு போச்சா?"

"நின்னு போச்சு. எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது. நீ பிரியா, அது பாப்பா, இது நம்ம வீடுன்னு. நீ கையைத் தூக்கி மறைச்ச. அன்னைக்குக் காலையில நீ என்னைய வேலைக்குப் போகத் துப்பில்லாதவன்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. அந்தக் கைமேல திரும்ப அடிச்சேன். கை உடைஞ்சது அந்த அடியிலதான். அது நான்."

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். சுகப்பிரியா இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

"எனக்குத் தெரியும். நான் உங்க கண்ணைப் பாத்துக்கிட்டுத்தானே கிடந்தேன்" என்றாள். "ரெண்டு தடவை வந்தும் கையெழுத்துப் போட முடியாம போனேன். எல்லாரும் நோய் நோய்ங்காவ, நான்தான் ஈவிரக்கம் இல்லாதவளோன்னு தூக்கமில்லாம கிடந்திருக்கேன். சரி, நோய்னா மாத்திரை இருக்குன்னு மனசைத் தேத்திக்கிட்டு இன்னைக்குப் போட வந்தேன்."

பேச்சிராஜ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இதுக்கு என்ன மாத்திரை இருக்கு? சொல்லுங்க, நீங்களே சொல்லுங்க."

சுகப்பிரியா முன்னால் இருந்த கையெழுத்துத் தாளைக் கையில் எடுத்தாள். கிழிக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பாப்பாவுக்கு நாலு மணிக்கு ஸ்கூல் விடும், போகணும் என்று டாக்டரிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனாள். பேச்சிராஜுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அவன் அழுது முடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்து, பிறகு ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார்.